லாகூரில் பிறந்த பிள்ளையும் ஆனர்ஸ் பாடமும்

ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் நம் கரோல் பாக் வீடுகளில் ஒரு வழக்கு நடைபெறுவது வழக்கமாகிவிட்டது. வாதி தந்தை, பிரதிவாதி பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகன் அல்லது மகள். அன்னையை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்துவதாகச் சொல்லுவார்கள். ஆனால் தீர்ப்புக் கூறும் அதிகாரத்தை மட்டும் அவருக்கு அளிப்பதில்லை. டில்லிப் பல்கலைக் கழகம் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வாயிலாகவே பட்டப் படிப்புக்கு இடம் அளித்து வருகிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை மாணவரே வரிசைப்படுத்திக் கணிப்பொறியில் பதிவு செய்தல் வேண்டும். அந்த வரிசையின் முதல் வரியில் எதை எழுதுவது என்பதே வழக்கின் சாரம். மகள் வரலாறு என்பாள். தந்தை வணிகவியல் என்பார். மகன் கணிதம் என்பான். தந்தை பொறியியல் என்பார். பழைய ராஜேந்திர நகர்ப் பக்கம் ஒரு முறை நடந்து, அங்குள்ள ஐ.ஏ.எஸ். பயிற்சி நிலையங்களின் பலகைகளைக் கண்டு திரும்பிய தந்தையாயின், வழக்கில் மற்றொரு பிரிவும் சேர்ந்துவிடும்.

இவ்வழக்கு நம் தலைமுறையில் தோன்றிய புதுமை அன்று. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன், 1927-ஆம் ஆண்டில், சென்னை மயிலாப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இதே வழக்கு நடந்தது. அதன் விவரங்கள் நன்கு பதிவாகியிருக்கின்றன. ஏனெனில் அவ்வீட்டுப் பிள்ளை பிற்காலத்தில் உலகறிந்த விஞ்ஞானியானார். அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர். பெரியோரின் புகழைப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வீட்டார் பாடத்தை எவ்வாறு தேர்ந்தெடுத்தனர், அத்தேர்வு என்னவாயிற்று என்பதை மட்டும் கூற முற்படுகிறோம்.

அந்தக் குடும்பம் நமக்கு அந்நியமானதும் அன்று. அது நம்மைப் போலவே வடக்கே வந்து குடியிருந்த குடும்பம். அதிலும் ரெயில்வேக் குடும்பம். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் இந்தியத் தணிக்கை, கணக்குத் துறையில் அதிகாரி. 1910-ஆம் ஆண்டில் அவர் லாகூரில், வடமேற்கு ரெயில்வேயின் துணைத் தணிக்கைத் தலைவராக இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 19-ஆம் நாள் அங்கே பிறந்தவரே சந்திரசேகர். 1947-இல் நாடு பிரிந்தபோது அந்த வடமேற்கு ரெயில்வேயும் பிரிந்தது. இப்புறம் நின்ற பகுதி கிழக்குப் பஞ்சாப் ரெயில்வே என்று பெயர் பெற்று, 1952-இல் நம் வட ரெயில்வேயுடன் இணைந்தது. நம் அண்டை வீட்டாருள் பலருடைய முன்னோர் அதே லாகூரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் விட்டு இங்கு வந்தவர்கள். ஆகவே இக்கதை நம் தெருவிலிருந்து வெகு தொலைவில் தொடங்கியதாகக் கொள்ள வேண்டியதில்லை. தணிக்கை அதிகாரி வருகிறார் என்றால் நம் ஆபீஸ்களில் பீரோக்கள் எவ்வளவு விரைவாகத் தூசு தட்டப்படும் என்பதை அறிந்தவர்கள், அந்தத் தந்தையார் வீட்டில் எப்படி இருந்திருப்பார் என்பதையும் ஓரளவு ஊகித்துக் கொள்ளலாம்.

ஆயினும் அவரைக் கண்டிப்பானவர் என்ற ஒரே சொல்லால் அளந்துவிடுதல் முறையாகாது. 1910-இல், அவருக்கு இருபத்தைந்து வயதான காலத்தில், அவருடைய தந்தையார் ஆர். சந்திரசேகர ஐயர் காலமானார். அவர் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். அவருடைய பெயரே பேரனுக்கு இடப்பட்டது. மூத்த மகன் என்ற முறையில் குடும்பத்தின் பாரம் சுப்பிரமணிய ஐயர் மீது விழுந்தது. பின்னர் அவருக்கும் பத்துக் குழந்தைகள்: பெண்கள் அறுவர், பிள்ளைகள் நால்வர். சந்திரசேகர் மூன்றாவது குழந்தை, முதல் பிள்ளை. ஆறு பெண்களைப் பெற்ற ஓர் உத்தியோகஸ்தர் தம் மூத்த பிள்ளையின் பிழைப்பைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

அன்னையார் சீதாலட்சுமி. இப்ஸன் என்னும் நார்வே நாட்டு ஆசிரியரின் 'பொம்மை வீடு' என்ற நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். கணவன் வீட்டில் பொம்மையாக இருக்க ஒருப்படாது கதவைத் திறந்து வெளியேறும் ஒரு பெண்ணின் கதை அது. அக்காலத்தில் பத்து மக்களைப் பெற்ற ஒரு தாய் அந்நாடகத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு வயது வரை சந்திரசேகருக்குப் பள்ளி இல்லை; கல்வி வீட்டிலேயே நடந்தது. தந்தையார் ஆங்கிலமும் கணக்கும், அன்னையார் தமிழும் கற்பித்தனர். தனி ஆசிரியர்களும் வந்து போயினர். 1918-இல் தந்தையாருக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. 1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியிலும், அதன் பின் மாநிலக் கல்லூரியிலும் பிள்ளை படித்தார். மயிலாப்பூரில் 'சந்திர விலாஸ்' என்ற சொந்த வீடும் எழுந்தது.

இதற்கிடையே 1920-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் கணிதமேதை ராமானுஜன் தமது முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அன்னையார் அச்செய்தியைப் பத்திரிகையில் படித்து மகனுக்குக் கூறினார். பிள்ளைக்கு அப்போது வயது ஒன்பது. கும்பகோணத்திலிருந்து சென்ற ஓர் ஏழைப் பிள்ளை கேம்பிரிட்ஜ் வரை சென்று, 1918-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகி, ஊர் திரும்பி மாண்ட கதை அது. கணிதமே தம் வழி என்ற எண்ணத்திற்கு அச்செய்தியும் ஒரு வித்தாயிற்று என்பதைச் சந்திரசேகர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்ததுண்டு.

மாநிலக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகள் இண்டர்மீடியட். அதன் பின் மூன்று ஆண்டுகள் ஆனர்ஸ். அதற்கு ஒரே பாடத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 1927-இல் அந்த வேளை வந்தது. பிள்ளைக்கு இன்னும் பதினேழு நிறையவில்லை. அவர் விரும்பியது கணித ஆனர்ஸ். தந்தையார் விதித்தது பௌதிக ஆனர்ஸ்; அதுவும் பௌதிகத்தின் மேல் உள்ள காதலால் அன்று. பட்டம் பெற்ற பின் பிள்ளை ஐ.சி.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்பதே அவருடைய திட்டம்.

ஐ.சி.எஸ். என்ற மூன்று எழுத்துகளுக்கு அந்நாளில் இருந்த மந்திர சக்தியை இன்றைய இளைஞர்களுக்கு விளக்குவது எளிதன்று. பழைய ராஜேந்திர நகரைக் காட்டினால் ஓரளவு விளங்கும். முன்னர் லண்டனில் மட்டுமே நடைபெற்ற அத்தேர்வு 1922 முதல் இந்தியாவிலும் நடைபெறலாயிற்று. அதில் வெற்றி பெற்றவர் ஜில்லாவை ஆளுவார். வெள்ளைக்காரருக்கு அடுத்த நாற்காலி அவருடையது.

தந்தையாரின் பக்கத்து நியாயத்தையும் நாம் இங்கே கேட்க வேண்டும்; பிள்ளைகளின் வாழ்க்கை வரலாறுகளில் தந்தையருக்கு வக்கீல் கிடைப்பது அரிது. கணிதத்தையே நம்பியவன் கதி என்னவாகும் என்பதற்குச் சென்னையில் கண்கண்ட சாட்சி ராமானுஜனே. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் கணிதம் ஒன்றையே கட்டிக்கொண்டு மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அவர் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. சில ஆண்டுகள் வேலையின்றி அலைந்து, 1912 மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். நம் ஜாதியில் சேர்ந்தார் என்று நாம் பெருமை கொள்ளலாம். அவருடைய தந்தையார் பெருமை கொண்டிருப்பாரா என்பது வேறு கேள்வி. இங்கிலாந்திலிருந்த ஹார்டி என்னும் பேராசிரியர் ஒரு கடிதத்தைக் கிழித்தெறியாமல் படித்ததால் அவர் உலகுக்குத் தெரிந்தார். ஒரு கடிதத்தின் மேல் பிள்ளையின் வாழ்வைக் கட்ட எந்தத் தந்தை துணிவார்?

மற்றொரு சாட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தார். சுப்பிரமணிய ஐயரின் தம்பியே சி. வி. ராமன். அவர் இதே மாநிலக் கல்லூரியில் பௌதிகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, 1907-இல் நிதித் துறைத் தேர்வில் வெற்றியடைந்து, கல்கத்தாவில் உதவிக் கணக்குத் தலைவராக அமர்ந்தார். பகலில் அரசாங்கக் கணக்கு. காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி. இப்படிப் பத்து ஆண்டுகள் இருந்த பிறகே, 1917-இல் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார். இந்த உதாரணத்தைத் தந்தையும் மகனும் இரு விதமாகப் படித்திருக்கலாம். முதலில் உத்தியோகம், பிறகு ஆசை என்பது தந்தையின் கண்ணில் பட்டிருக்கும். உத்தியோகத்தை விட்டதனால் அல்லவா விஞ்ஞானியானார் என்பது மகனுக்குத் தோன்றியிருக்கும். ஒரே குடும்பத்தில் அண்ணன் கணக்குத் துறையிலேயே நின்றார், தம்பி அதை விட்டு வெளியேறினார் என்னும்போது, அண்ணன் மகனின் பாடத்தைப் பற்றிய பேச்சு பாடத்தைப் பற்றியது மட்டுமாக இருந்திருக்க முடியாது.

இவ்வழக்கில் அன்னையார் வாய் திறந்தார். உனக்கு விருப்பமானதையே செய், அவருக்கு அஞ்சாதே என்ற கருத்துப்பட மகனிடம் அவர் கூறியதாக அறிகிறோம். 'பொம்மை வீட்'டைத் தமிழாக்கியவர் வேறு எதைக் கூறுவார்!

அப்படியானால் மகன் கணிதத்தில் சேர்ந்தாரா? இல்லை. இங்கேதான் இந்த வரலாறு சினிமாக் கதையிலிருந்து பிரிகிறது. சந்திரசேகர் பௌதிக ஆனர்ஸில் பெயரைப் பதிவு செய்துகொண்டார். தந்தையை எதிர்த்து வீட்டை விட்டுப் போகவில்லை; மனம் உடைந்து மூலையில் உட்காரவும் இல்லை. பெயர் பௌதிகப் பட்டியலில் இருக்க, கணித வகுப்புகளுக்குச் சென்று அமர்ந்தார். மாநிலக் கல்லூரியாரும் அதற்கு இடம் கொடுத்தனர். இன்றைய கல்லூரிகளில் வருகைப் பதிவு ஒரு சதவீதம் குறைந்தால் தேர்வெழுத விடமாட்டோம் என்று அச்சுறுத்தும் நிலையோடு ஒப்பிட்டால், அந்தப் பழங்காலத்துப் பேராசிரியர்களின் தாராளம் நமக்கு வியப்பைத் தருகிறது. டில்லிப் பல்கலைக் கழகம் 2022-இல் புகுத்திய நான்காண்டுத் திட்டத்தில் முதன்மைப் பாடத்துடன் துணைப் பாடம் ஒன்றையும் ஆழமாகப் படிக்க விதியிலேயே வழியுண்டு. அன்று ஆசிரியர்களின் நல்லெண்ணத்தால் நடந்ததற்கு இன்று சட்டமே துணை நிற்கிறது. வரிசையில் முதல் வரிக்காகச் சண்டையிடும் நம் வீடுகளில் அந்தத் துணைப் பாடப் பக்கத்தை எத்தனை பேர் திருப்பிப் பார்த்தோமோ, தெரியவில்லை.

தந்தையாரின் கட்டாயத்தால் எடுத்த அந்தப் பௌதிகம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்விடத்தில் தந்தையும் முற்றும் தோற்றவரல்லர், மகனும் முற்றும் வென்றவரல்லர். 1928-இன் பிற்பகுதியில் ஜெர்மானியப் பேராசிரியர் ஸோமர்பெல்டு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். சந்திரசேகர் அவருடைய நூலைத் தாமே முயன்று படித்திருந்தார். அந்தத் துணிவில் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே சென்று கண்டார். பேராசிரியர் கூறியதோ பேரிடியாக இருந்தது: நீ கற்ற அணுப் பௌதிகம் பழையதாகிவிட்டது, சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் அனைத்தும் மாறிவிட்டது என்பது அதன் சாரம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தன்னம்பிக்கையைக் குலைக்கும் செய்தி வேறென்ன வேண்டும்? ஆனால் ஸோமர்பெல்டு வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களிலுள்ள எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். அதைக் கொண்டு புதிய முறையைக் கற்ற சந்திரசேகர் சில மாதங்களில் ஒரு கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜிலிருந்த பவுலர் என்னும் பேராசிரியருக்கு அனுப்பினார். அது 1929-இல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. கணிதம் கற்றதனால் அதை எழுத முடிந்தது. பௌதிகத்தில் இருந்ததனால் எழுதப் பொருள் கிடைத்தது. இரண்டில் எது இல்லாவிடினும் அக்கட்டுரை பிறந்திராது என்பது நம் கருத்து.

அதன் பிறகு ஐ.சி.எஸ். பேச்சு தானே மங்கியது. 1930-இல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பட்டம் கிடைத்தது. அடுத்த மாதமே கேம்பிரிட்ஜ் செல்ல இந்திய அரசாங்கத்தின் உபகாரச் சம்பளமும் வந்தது. ஆனால் அன்னையார் அப்போது கடும் நோயில் இருந்தார். போகலாகாது என்றனர் உறவினர். போகத்தான் வேண்டும் என்றவர் அந்நோயாளியே. 1930 ஜூலை 31-இல் பம்பாயில் கப்பலேறினார் மகன். 1931 மே மாதத்தில் அன்னையார் காலமானார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

கப்பலில் அவர் போட்ட கணக்கு இன்று பாடப் புத்தகங்களில் இருக்கிறது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கிச் சுருங்கி வெண் குள்ளன் எனப்படும் நிலையில் நின்றுவிடும் என்பது அந்நாளைய நம்பிக்கை. அப்படி நிற்க வேண்டுமானால் அதன் பொருண்மை ஓர் எல்லைக்கு உட்பட்டிருக்க வேண்டும், அவ்வெல்லையைக் கடந்தது நிற்காது என்று அந்தக் கணக்குக் காட்டியது. சூரியனின் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படும் அவ்வெல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவ்வளவும் செய்தவருக்கு இனி ஐயமே இருந்திராது என்று எண்ணுவோம். உண்மை நேர்மாறானது. கேம்பிரிட்ஜில் பேரறிஞர்களின் நடுவே தாம் எம்மாத்திரம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. தாம் எடுத்துக்கொண்ட விண்மீன் பௌதிகமே சரியான துறைதானா, தூய பௌதிகத்துக்கு மாறிவிடலாமா என்று தடுமாறினார். மயிலாப்பூரில் தந்தையோடு நடந்த வழக்கு இப்போது தம்மோடு தாமே நடத்தும் வழக்காயிற்று. டிராக் என்னும் பேராசிரியரின் யோசனைப்படி மூன்றாம் ஆண்டைக் கோபன்ஹேகனில் கழித்தார். அங்கே தூய பௌதிகத்தில் எடுத்த முயற்சி பலிக்கவில்லை, விண்மீன்களுக்கே திரும்பினார். 1933 கோடையில் டாக்டர் பட்டம் பெற்றார். உபகாரச் சம்பளக் காலமும் முடிந்தது. ஊர் திரும்புமாறு தந்தையார் எழுதினார்; மகன் இசையவில்லை. டிரினிடி கல்லூரியின் ஆராய்ச்சி அங்கத்தினர் பதவிக்கு மனுச் செய்திருந்தும், அது கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்குச் சிறிதும் இல்லை. மூட்டை கட்டி ஆக்ஸ்போர்டுக்குப் புறப்பட்டவர், போகிற வழியில் வண்டியை நிறுத்திக் கல்லூரி வாயிலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். தம் பெயர் இருந்தது. தேர்வு முடிவு பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் முகம் நமக்கு நினைவு வருகிறது. இவரோ உலகக் கணக்கு ஒன்றைத் தீர்த்தவர்!

1935 ஜனவரி 11-ஆம் நாள் லண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில், அக்காலத்துப் பெரும் வானியலறிஞரான எடிங்டன் அவருடைய முடிவை அனைவர் முன்னும் எள்ளி நகையாடிய செய்தி பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதால் இங்கே விரிக்கவில்லை. சந்திரசேகர் வாதத்தை நீட்டவில்லை. 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றித் தாம் அறிந்த அனைத்தையும் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். நம் கட்டுரைக்கு வேண்டியது அந்தச் செயலே. 1937 முதல் அமெரிக்காவில் சிகாகோப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்திருந்த அவர், விண்மீன்களின் அமைப்பு, விண்மீன் கூட்டங்களின் இயக்கம், ஒளிக்கதிர் பரவும் விதம், பாய்பொருள்களின் நிலைப்பு, சுழலும் கோளங்களின் வடிவு, ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கை, கருந்துளைகளின் கணிதம் என்று சில சில ஆண்டுகளுக்கு ஒரு முறை துறையை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றிலும் மாணவனைப் போல முதலிலிருந்து தொடங்குவார். கற்றதை நூலாக்கி முடிப்பார். பிறகு எழுந்து போய்விடுவார். 1927-இல் எந்த ஒரு பாடத்துக்காக அந்த வீடு இரண்டுபட்டதோ, அத்தகைய தேர்வை அவர் வாழ்நாளில் ஏழு முறை செய்தார் எனலாம்.

பெண்களைப் பெற்றவர்களுக்காக ஒன்று கூறிவிடுகிறோம். அவருடைய மனைவியார் லலிதா துரைசாமியும் அதே மாநிலக் கல்லூரியில் அவருக்குப் பின் பௌதிகம் கற்றவர். விதவையர் கல்விக்கு உழைத்த சகோதரி சுப்புலட்சுமியின் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதே பேச்சாக இருந்த காலத்தில் அவர் பௌதிகத்தில் சேர்ந்தார். இருவரும் 1936 செப்டம்பரில் மணம் புரிந்துகொண்டனர்.

தந்தையாரைப் பற்றி மிஞ்சிய செய்தி ஒன்றுண்டு. கணக்குத் தணிக்கையில் வாழ்நாளைக் கழித்த சுப்பிரமணிய ஐயர் வயலின் வாசிப்பவர். கர்நாடக சங்கீதத்தின் இலக்கணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். அவர் இளைஞராக இருந்த காலத்தில் எந்தப் பாடத்தை விரும்பினார் என்று எவராவது கேட்டார்களோ என்னவோ. அவர் 1960-இல் காலமானார். மகனுக்கு நோபல் பரிசு 1983-இல் வந்தது. அதுவும், மற்றொருவருடன் பகிர்ந்து, பௌதிகத்துக்காகவே வந்தது.